கொழும்பில் ரூம் சரியில்லை என்றால் பேசாமல் படுத்துக்கொள்ள வேண்டியதுதானா?

வாசகர் கேள்வி, 12 ஜூலை 2025

கொழும்பில் படத்தில் பார்த்த ரூம் ஒன்று, கிடைத்த ரூம் வேறொன்று. வெளியூர் கூட இல்லை, வெளிநாடு. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று பேசாமல் தங்கிவிட்டு வந்துவிட்டோம். ஊருக்கு வந்து ஒற்றை நட்சத்திரம் போட்டு ரிவ்யூ எழுதினேன். இதற்குமேல் யாராலும் எதுவும் செய்ய முடியாது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லலாம்.

12 ஜூலை, இரவு

இருக்கிறது. இந்த மாதம் பிறந்தபோது நானும் அதே கொழும்பில் அதே மாதிரி ஒரு ரூமில் மாட்டிக்கொண்டு நின்றேன். ஊருக்கு வந்து எழுதுகிற ரிவ்யூ அடுத்து போகிறவருக்கு உதவும், நமக்குக் காலணா திரும்பாது. பெட்டியைப் பிரிக்கும் முன்னால் பேச வேண்டும். ஒரு ராத்திரி படுத்து எழுந்துவிட்டால் “நேற்று நன்றாகத்தானே தூங்கினீர்கள்” என்று கேட்பார்கள், அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

விவரம் நாளைக்கு எழுதுகிறேன். இன்றைக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது.

13 ஜூலை

மனைவியின் சித்தி பையனுக்குக் கல்யாணம், பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில். சித்தி குடும்பம் வெள்ளவத்தையில் இருக்கிறது. கல்யாண வீட்டில் போய் நாமும் நெருக்க வேண்டாம் என்று மரைன் டிரைவ் பக்கம் ஒரு ஹோட்டலில் ஆப் வழியாக ரூம் போட்டேன். நான், மனைவி, என் அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி, நிறையப் படி ஏற முடியாது. அதனால் நான் தேடும்போது பார்த்தது கடலையும் அல்ல, நீச்சல் குளத்தையும் அல்ல. ‘லிஃப்ட் உண்டு’ என்று போட்டிருக்கிறதா என்று மட்டும்தான். போட்டிருந்தது.

திருச்சியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் ஒரு மணி நேரப் பயணம்கூட ஆகாது. 2013-இல் திறந்த அதிவேகப் பாதையில் ஊருக்குள் வந்துவிடலாம், அதற்கப்புறம் காலி வீதி நெரிசல்தான் நேரத்தைத் தின்றது. ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தபோது ராத்திரி. ரிசப்ஷனில் இருந்தவர் சிரித்த முகமாக பாஸ்போர்ட்டை வாங்கினார், கார்டை வாங்கித் தங்கும் நாள் முழுவதுக்குமான பணத்தை எடுத்தார், சாவியை நீட்டினார். நாலாவது மாடி. லிஃப்ட் பக்கம் திரும்பினால் கதவின் இரண்டு கைப்பிடியிலும் நைலான் கயிறு கட்டி, நடுவில் ஒரு அட்டை தொங்குகிறது. “சார், டுமாரோ லிஃப்ட் ஓகே.”

இரண்டு பையன்கள் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். அம்மாவை அதில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். அம்மா ஒரே போடாகப் போட்டார்: “நான் என்ன உற்சவ மூர்த்தியாடா, நாலு பேர் தூக்கிட்டுப் போக?”

நான் மட்டும் ஏறிப்போய் ரூமைப் பார்த்தேன். ஏசிக்குக் கீழே சுவர் ஊறி பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி நிற்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க ஒரு ஐஸ்கிரீம் டப்பா. அந்த டப்பாவில் பாதி அளவுக்குத் தண்ணீர். அதாவது யாரோ தினமும் வந்து அதைக் கொட்டிவிட்டு மறுபடி வைக்கிறார்கள், பழுது பார்க்க ஆள் கூப்பிடவில்லை. ஏசி, சுவர், டப்பா மூன்றும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்துக்கொண்டேன். லிஃப்ட்டில் கட்டியிருந்த கயிற்றையும் எடுத்தேன். பெட்டி கீழேயே இருக்கட்டும் என்று மனைவியிடம் போனில் சொன்னேன்.

13 ஜூலை, சற்றுப் பிறகு

லிஃப்ட் விஷயத்தில் உண்மை எப்படித் தெரிந்தது என்றால், நாற்காலி கொண்டுவந்த பையன்களில் ஒருவன் ஹட்டன் பக்கம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நம்மோடு தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், படியில் கூட ஏறி வரும்போது மெதுவாகச் சொன்னான்: “மூணு நாலு மாசமாவே ஓடல சார். கெஸ்ட் வந்தா இன்னைக்குத்தான் கெட்டுப்போச்சுன்னு சொல்லச் சொல்லிருக்காங்க.” அப்புறம் இன்னும் மெதுவாக: “மொத மாடியில ரூம் இருக்கு சார். குடுக்க மாட்டாங்க. கேட்டுப் பாருங்க.”

ஏன் கொடுக்க மாட்டார்கள் என்பது பிறகு விளங்கியது. வருகிறேன்.

14 ஜூலை

கீழே வந்து என்ன பேசினேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சத்தம் போட்டீர்களா என்று வேறு.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ரிசப்ஷனில் இருந்தவருக்கு வசதியாகப் போயிருக்கும். “கெஸ்ட் கத்துகிறார்” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாம். ரூம் மோசம், ஏமாற்றுகிறீர்கள் என்று பொதுவாகச் சொல்வதிலும் பலன் இல்லை, எல்லாவற்றுக்கும் “சாரி சார்” என்று ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னேன்: “லிஃப்ட் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், இல்லை. என் அம்மாவால் நாலு மாடி ஏற முடியாது. முதல் மாடியில் ரூம் கொடுங்கள், வாடகையில் உள்ள வித்தியாசத்தைத் திருப்புங்கள். முடியாதென்றால் ரத்து செய்து முழுப் பணத்தையும் கொடுங்கள், நாங்கள் இப்போதே கிளம்புகிறோம்.” அவருக்கு இதை முடிவு செய்யும் அதிகாரம் இல்லை. அது முகத்திலேயே தெரிந்தது. முடிவு செய்கிறவரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆப்பின் உதவி எண்ணுக்குப் பேசினேன். இதைப் பலர் ஊருக்கு வந்த பிறகு செய்கிறார்கள். வந்த பிறகு அவர்கள் ஹோட்டலைக் கேட்பார்கள், ஹோட்டல் “கெஸ்ட் தங்கிவிட்டார்” என்று சொல்லும், கதை முடிந்தது. நாம் வரவேற்பறையில், பெட்டி பிரிக்காமல் உட்கார்ந்திருக்கும்போது பேசினால் அவர்கள் நம்மை லைனில் வைத்துக்கொண்டே ஹோட்டலுக்குப் போன் போடுகிறார்கள். மேசையில் அந்த போன் அடிப்பதை நான் கண்ணால் பார்த்தேன். எடுத்தவரின் குரல் அப்படியே இறங்கிப்போனதையும் கேட்டேன்.

இன்னொன்று முக்கியம். ஹோட்டல்காரர் வாயால் ஆயிரம் சொல்வார். அதை ஆப்பில் இருக்கும் மெசேஜ் பகுதியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். “முதல் மாடி ரூமுக்கு மாற்றுகிறோம், வித்தியாசத் தொகையை ஏழு நாளில் கார்டுக்குத் திருப்புகிறோம்.” இந்த இரண்டு வரியை வாங்கத்தான் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தேன். மேனேஜர் வந்து, சிரித்து, தேநீர் கொடுத்து, “நம்புங்கள் சார்” என்றார். நம்புகிறேன், இரண்டு வரி எழுதிவிடுங்கள் என்றேன். எழுதினார்.

14 ஜூலை, பின்னிரவு

முதல் மாடி ரூம் கதை. மனைவி எழுத வேண்டாம் என்கிறாள். அதனால் சுருக்கமாக.

முதல் மாடி ரூம்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஜோடிகள் வருவார்கள், போவார்கள். அதில்தான் காசு என்பதால் குடும்பத்தோடு வருகிறவர்களை நாலாம் மாடிக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் போன ராத்திரி பதினொரு மணி வாக்கில் கதவைத் தட்டும் சத்தம். நான் எழுவதற்குள் அம்மா எழுந்து திறந்துவிட்டார். வெளியே ஒரு இளம் ஜோடி, சாவி எண்ணைத் தவறாகப் பார்த்திருக்கிறார்கள். நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பாட்டி “யாருப்பா வேணும்?” என்று கேட்டதும் படியில் இறங்கி ஓடியே போய்விட்டார்கள். அம்மா திரும்பி வந்து, “பாவம், கல்யாணத்துக்கு வந்த புள்ளைங்க போலருக்கு, ரூம் தெரியாம அலையுதுங்க” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

படுக்கை விரிப்பை எங்கள் கண் முன்னாலேயே மாற்றவைத்தோம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலையணை உறை வரைக்கும்.

15 ஜூலை

“கல்யாண வீடு வெள்ளவத்தையிலேயே இருக்கும்போது அங்கே போயிருக்கலாமே” என்று ஒருவர். அதே கேள்வியை மாப்பிள்ளையின் தம்பியும் கேட்டான். மறுநாள் காலையில் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்தவன், லிஃப்ட் கயிற்றைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே சத்தம் போட்டான்: “என்ன அத்தான் இது, மாமியை வைச்சுக்கொண்டு இங்கயா நிக்கிறீங்கள்? எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே.” எடுத்திருக்கலாம். ஆனால் ஆனி மாதம், முகூர்த்த நாட்கள். வீட்டில் கூடத்தில்கூடப் பாய் விரிக்க இடமில்லை. அவனே காலையிலிருந்து நாலைந்து இடத்துக்குப் போன் போட்டுப் பார்த்தான், வெள்ளவத்தையில் இருக்கும் சின்ன லாட்ஜ்கள் கூட நிறைந்திருந்தன. இருந்திருந்தால் மாறியிருப்பேன். ஒரு ராத்திரி வாடகை போனால் போகிறது, பிடிக்காத இடத்தில் மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பதைவிட வேறு இடம் மாறிவிடுவது எத்தனையோ மேல். பயணமே கல்யாணத்துக்கு, ஹோட்டலோடு வழக்காடுவதற்கு அல்ல.

17 ஜூலை

வரி பற்றிக் கேட்டவருக்கு. இது கொழும்பு போகிற எல்லோருக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அங்கே பல ஹோட்டல்கள் சொல்லும் வாடகைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கும். சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதற்குமேல் வாட் வரி. 2024 ஜனவரி முதல் வாட் 18 சதவீதம். ஒரு இரவுக்கு 15,000 இலங்கை ரூபாய் என்று நினைத்துப் போனால் பில் 19,000 ரூபாயைத் தாண்டும். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறக்குறைய மூன்றரை ரூபாய் என்பதால் எண்ணைப் பார்த்தவுடன் பயம் வரும், மனதுக்குள் வகுத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘வரி சேர்த்தது’ என்று இருக்கிறதா, ‘வரி தனி’ என்று இருக்கிறதா என்பதைப் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் விஷயத்தில் ‘வரி சேர்த்தது’ என்று இருந்தது. கிளம்பும் நாளில் ரிசப்ஷனில் ஒரு சின்னத் தாளை நீட்டினார்கள், சர்வீஸ் சார்ஜ் இவ்வளவு, வாட் இவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் நல்லது. ரொக்கம் என்றதும் எனக்கு உறைத்தது. வாட் வரியை யார் வேண்டுமானாலும் வசூலிக்க முடியாது. வாட் பதிவு பெற்றவர்கள் மட்டும்தான் வசூலிக்கலாம், பதிவு எண் பில்லில் இருக்க வேண்டும். ஆண்டு வியாபாரம் ஒரு அளவுக்குக் கீழே இருக்கும் சின்ன இடங்கள் பதிவு பெறுவதே இல்லை. “வாட் எண் போட்ட பில் கொடுங்கள், தருகிறேன்” என்றேன். பேனாவை மேசையில் இரண்டு தடவை தட்டினார். உள்ளே போனார். வந்தபோது வேறு தாள். அதில் வாட் வரியே இல்லை.

சர்வீஸ் சார்ஜைக் கொடுத்துவிட்டேன். சேர்த்தது என்று போட்டிருந்தாலும் கொடுத்தேன். அது ஊழியர்களுக்குப் பங்கு வைப்பதற்கென்று வசூலிக்கிற பணம். அந்த ஹட்டன் பையன் கைக்கு எவ்வளவு போகும் என்று தெரியாததால், அவனுக்குத் தனியாகவும் கொடுத்தேன்.

18 ஜூலை

“நீங்கள் தமிழர், கொழும்பில் சொந்தம் வேறு, உங்களுக்குச் சுலபம்” என்கிறார் ஒருவர். சொந்தக்காரன் வந்தது மறுநாள் காலையில். காரியம் முந்தின ராத்திரியே முடிந்துவிட்டது.

ஆனால் தமிழ் உதவியது என்பது உண்மைதான், அந்தப் பையன் விஷயத்தில் மட்டும் அல்ல. மேனேஜர் முதலில் மசியவில்லை. அப்போது நான் சொன்னது இதுதான்: “உங்கள் சுற்றுலாப் பதிவுச் சான்றிதழ் எங்கே? நான் அதிகாரசபைக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போகிறேன்.” பதிவு பெற்ற இடங்கள் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பது வழக்கம். அங்கே சுவரில் ஒரு கடிகாரமும் ஒரு நீர்வீழ்ச்சிப் படமும்தான் இருந்தன. மேனேஜர் கண் நீர்வீழ்ச்சியின் மேல் போய் வந்தது.

விவரம் தெரியாதவர்களுக்கு: இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை என்று ஒன்று இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் வந்தது. அலுவலகம் கொள்ளுப்பிட்டியில், காலி வீதி 80-ஆம் எண். பயணிகள் உதவிக்கு 1912. பதிவு பெற்ற தங்குமிடங்களின் பட்டியலை அவர்கள் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம், ரூம் போடும் முன்னால் இதைச் செய்வது நல்லது. பொதுவாகக் கடை, வியாபாரம், விலைப் பிரச்சினை என்றால் நுகர்வோர் விவகார அதிகாரசபை, எண் 1977.

ஆங்கிலத்தில் புகார் எழுத வராது என்று பின்வாங்காதீர்கள். 1987-இல் வந்த 13-ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அங்கே ஆட்சிமொழி. அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நம் ஊரை விட்டு வேறு எந்த நாட்டில் ஹோட்டல்காரனைப் பற்றித் தமிழில் புகார் எழுத முடியும்? சிங்கப்பூரை விட்டால் யோசிக்க வேண்டியதுதான்.

18 ஜூலை, திரும்ப

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க: 1912, 1977 இரண்டும் இலங்கைக்குள் இருந்து அழைக்கிற சுருக்க எண்கள். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு அடித்தால் போகாது. அங்கே இறங்கியதும் விமான நிலையத்திலேயே ஒரு உள்ளூர் சிம் வாங்கிக்கொள்வது எதற்கும் நல்லது.

20 ஜூலை

ஒருவர் தன் கொழும்பு ஹோட்டல் மீது நீளமாகக் குற்றப்பத்திரிகை வாசித்திருக்கிறார். படித்தேன். எல்லாவற்றையும் ஹோட்டல் தலையில் கட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பார் மூடியிருந்ததாம். தேதியைப் பார்த்தேன், ஜூலை 10, எசல போயா. முழுநிலவு நாளில் இலங்கை முழுக்க மது விற்பனை கிடையாது. நட்சத்திர ஹோட்டலானாலும் அதே சட்டம்தான். காலண்டர் பார்க்காமல் போனால் நிலாவைத்தான் திட்ட வேண்டும்.

சார்ஜர் செருக முடியவில்லையாம். அங்கே இப்போது சதுர முள் மூன்று கொண்ட பிளக்தான் அதிகம். பழைய கட்டடங்களில் நம் ஊர் மாதிரி உருண்டை முள் ஓட்டையும் இருக்கும். அடாப்டர் ஒன்று புறக்கோட்டையில் தெருவோரத்திலேயே கிடைக்கும்.

சுவரில் பல்லி. சரி, விடுங்கள்.

காலையில் ரயில் சத்தம் என்பது மட்டும் பேச வேண்டிய விஷயம். கொழும்பில் கோட்டையிலிருந்து தெற்கே போகும் கரையோரப் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை எல்லாம் அந்த வரிசைதான். மரைன் டிரைவில் ‘கடல் தெரியும் ரூம்’ என்றால் கட்டடத்துக்கு முன்னால் ரோடு, அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம், அதற்கப்புறம்தான் கடல். விடிகிற முன்பே டீசல் என்ஜின் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். இதைப் படத்தில் போட மாட்டார்கள். கடல் தெரியும் என்று கூடுதலாகக் காசு வாங்கிவிட்டு ரயிலைச் சொல்லாமல் விடுவது நியாயமா என்று கேட்டால், நியாயம் இல்லை. ஆனால் பணம் திரும்பக் கேட்கும் அளவுக்கு அதில் பிடிமானமும் இல்லை, ஏனென்றால் கடல் தெரிகிறது. மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் தண்டவாளம் கோடாகத் தெரியும். தூக்கம் வேண்டும் என்பவர்கள் காலி வீதிக்கு உள்பக்கம் ஒழுங்கைகளில் பாருங்கள்.

எனக்கு அந்த ரயில் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். அம்மா ஐந்து மணிக்கே எழுந்து முதல் மாடி ஜன்னலில் உட்கார்ந்து, படியில் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

22 ஜூலை

ஹோட்டல் பெயரைச் சொல் என்று பல பேர். சொல்லப்போவதில்லை. பெயர் வெளியே வந்தால் முதல் மாடியில் ரூம் இருக்கிறது என்று யார் சொன்னது என்று உள்ளே விசாரிப்பார்கள். அங்கே தமிழ் பேசுகிற பையன்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள். ஆப்பில் ரிவ்யூ எழுதியிருக்கிறேன், அதிலும் லிஃப்ட், ஏசித் தண்ணீர், வரித் தாள் இவை மட்டும்தான், யார் என்ன சொன்னார் என்பது இல்லை. எங்கே மண்டபம், எங்கே தெரு என்று கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்காதீர்கள். அந்தத் தெருவில் அதுபோல ஒரு டஜன் இருக்கிறது.

2 ஆகஸ்ட்

ஏழு நாள் என்று எழுதிக் கொடுத்தார்களே, பணம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. கேட்டால் “பேங்க் தாமதம்” என்கிறார்கள். பேங்க் தாமதம் என்றால் அவர்கள் பக்கம் ரீஃபண்ட் போட்டதற்கு ஒரு சீட்டு இருக்க வேண்டும். சீட்டு கேட்டேன். பதில் இல்லை.

என் பேங்கில் தகராறு மனு போட்டுவிட்டேன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கார்டு பிரிவில் பேசிய பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. ‘ரூம் சொன்னபடி இல்லை’ என்று மனு போட்டால், நீங்கள் அங்கே தங்கினீர்களா இல்லையா, எவ்வளவு மோசம், யார் சொல்வது சரி என்று இழுத்துக்கொண்டே போகும். ‘திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்ட பணம் வரவில்லை’ என்று போட்டால் வாதமே கிடையாது, ஒப்புக்கொண்ட எழுத்தைக் காட்டினால் போதும். அந்த இரண்டு வரி மெசேஜுக்காக நான் சோபாவில் உட்கார்ந்திருந்தது இதற்குத்தான் என்று அப்போது எனக்கே தெரியாது. சொன்ன தேதி தாண்டி 15 நாள் பொறுத்துப் போடச் சொன்னார்கள், அதனால்தான் இவ்வளவு தாமதம். ரொம்பவும் தூங்கிவிடக் கூடாது, விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் கெடு.

கார்டு விஷயத்தில் இன்னொரு வயிற்றெரிச்சல். ரூம் பணம் எடுக்கும்போது மெஷின் இந்திய ரூபாயா இலங்கை ரூபாயா என்று கேட்கும். அது நம்மிடம் கேட்கிற கேள்வி. ரிசப்ஷனில் இருந்தவர் நம்மைக் கேட்காமலே இந்திய ரூபாயை அமுக்கிவிட்டார். கேட்க நல்லதாகத் தெரியும், நம் பணத்திலேயே கணக்கு வருகிறதே என்று. ஆனால் அந்த மாற்று விகிதம் மெஷின்காரர் வைத்தது. சீட்டை வைத்துக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் அதிலேயே போயிருக்கிறது. எந்த நாட்டில் நின்றாலும் அந்த நாட்டுப் பணத்தை அமுக்கச் சொல்லுங்கள். மெஷினை உங்கள் பக்கம் திருப்பிக் கேளுங்கள்.

கிளம்பும் முன் பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடவும் மறக்காதீர்கள். 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி நாம் திறந்தால்தான் கார்டு வெளிநாட்டில் வேலை செய்யும்.

3 ஆகஸ்ட்

யுபிஐ? 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் இருக்கிறது, லங்கா க்யூஆர் அட்டை வைத்திருக்கும் பல கடைகளில் எடுக்கும். கொத்து ரொட்டிக்கும் தேநீருக்கும் புடவைக்கும் பேஷாக அடியுங்கள். ஹோட்டல் ரூமுக்கு கிரெடிட் கார்டு. யுபிஐயில் போன பணம் போனதுதான், சேவை சரியில்லை என்று திரும்ப இழுக்க கார்டு அளவுக்கு வழி இல்லை. ரொக்கமும் அப்படியே.

பயணக் காப்பீடு எடுத்திருந்தேனே என்று ஒருவர். பெட்டி தொலைந்தால், உடம்புக்கு முடியாமல் போனால் கொடுப்பார்கள். ரூம் மோசம் என்றால் கொடுக்க மாட்டார்கள்.

9 ஆகஸ்ட்

ஹோட்டலிலிருந்து மெசேஜ். ரிவ்யூவை எடுத்துவிட்டால் அடுத்த முறை ஒரு இரவு இலவசம், அதுவும் கடல் தெரியும் ரூம். நாலாம் மாடி என்று சொல்லவே வேண்டாம். லிஃப்ட் ஓடுகிறதா என்று மட்டும் கேட்டுப் பதில் போட்டேன்.

11 ஆகஸ்ட்

“வெரி சூன் சார்.”

30 ஆகஸ்ட்

பேங்க் பணத்தைத் திருப்பிவிட்டது. முதலில் தற்காலிகமாக வரவு வைத்தார்கள், ஹோட்டல் தரப்பு எதிர்த்துப் பதில் போடாததால் நிலையாகிவிட்டது. வித்தியாசத் தொகை மட்டும்தான் கேட்டிருந்தேன், அது வந்தது. வெளிநாட்டுக் கட்டணம் என்று பேங்க் பிடித்ததும் அதன்மேல் போட்ட ஜிஎஸ்டியும் வரவில்லை. அதற்கு மறுபடி ஒரு மனு எழுதலாம் என்றேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

முழு வாடகையையும் கேட்டிருக்கலாமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். யோசித்தேன். நாங்கள் அந்த முதல் மாடி ரூமில் தூங்கினோம், குளித்தோம், அம்மா ரயில் பார்த்தார். அதற்கும் பணம் திரும்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் வேறு ரூம் கொடுக்க மறுத்து, நாலு மாடி ஏறித்தான் ஆக வேண்டும் என்றிருந்தால் முழுசாகவே கேட்டிருப்பேன்.

6 செப்டம்பர்

அடுத்த மாதம் வயதான அப்பாவைக் கூட்டிக்கொண்டு கொழும்பு போகிறேன், என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டவருக்கு: படத்தைப் பார்க்காதீர்கள், அது கட்டடம் திறந்த அன்று எடுத்ததாக இருக்கும். கடைசியாக வந்த பத்துப் பதினைந்து ரிவ்யூவில் ‘லிஃப்ட்’, ‘படி’, ‘வெந்நீர்’ என்று தேடிப் பாருங்கள். புக் பண்ணின உடனே ஹோட்டலுக்கு ஆப் வழியாக ஒரு மெசேஜ் போடுங்கள்: அப்பாவால் நிறையப் படி ஏற முடியாது, லிஃப்ட் ஓடுகிறதா, ஓடாவிட்டால் தரைத்தளத்திலோ முதல் மாடியிலோ ரூம் தர முடியுமா. ‘ஆம்’ என்று எழுத்தில் வந்துவிட்டால் அங்கே போய் நீங்கள் வாதாடவே வேண்டாம், போனைக் காட்டினால் போதும். பதிலே வரவில்லை என்றால் ரத்து செய்யும் கெடு முடிவதற்குள் வேறு இடம் பாருங்கள். ராத்திரி விமானம் வேண்டாம். பகலில் போய் இறங்கினால், ரூம் பிடிக்காவிட்டாலும் வேறு இடம் தேட வெளிச்சம் இருக்கும்.

மற்றபடி அக்டோபரில் அங்கே இரண்டாம் மழை தொடங்கிவிடும், பின்னேரம் பார்த்து ஊற்றும். குடை எடுத்துக்கொள்ளுங்கள்.